புகார் இல்லாத வார்டு

உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது, தம்பி. ராணுவத்தில் இவ்வளவு முத்து முத்தாக எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. எங்கள் டாக்டர்கள் எழுதினால் எறும்பு மைக்குள் விழுந்து எழுந்து நடந்தது போல இருக்கும். கேப்டன் என்று கூப்பிடாமல் தம்பி என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மேஜர், வயதிலும் மூத்தவள், இருபத்தேழு வருடம் ஊசி போட்ட கை இது. உங்கள் கர்னல் லெப்டினன்ட்டாக இருந்தபோது அவருக்கே இடுப்பில் ஊசி போட்டிருக்கிறேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இதை எழுத வேண்டாம்.

யாரும் என்னை இங்கே இழுத்து வரவில்லை. அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் தானாக வந்து சொன்னார் என்று முதல் வரியில் போட்டுக்கொள்ளுங்கள். போன வியாழக்கிழமை காலை எங்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த டிரைவர் இறந்துபோனார். அரை மில்லி போட வேண்டிய மருந்தை ஆறு மில்லி போட்டுவிட்டாள் என்று ஒரு சின்னப் பெண்ணை, எங்கள் லெப்டினன்ட் நர்ஸை, நான்கு நாளாகக் காவல் அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நாளை மறுநாள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறீர்கள். "எனக்குத் தப்பா கேட்டுடுச்சு, திரும்பக் கேட்டிருக்கணும், என் தப்புதான்" என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அது நடந்தால் குறைந்தது ஏழு வருடம் உள்ளே இருப்பாள் என்று நீங்களே வராந்தாவில் யாரிடமோ சொன்னீர்கள், காதில் விழுந்தது. அவளை வெளியே விட நான் சொல்வது போதும். ஆற அமரச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ராணுவ ஆஸ்பத்திரிகளில் மூத்த நர்ஸ்கள் இளையவர்களைக் கரித்துக் கொட்டுகிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள், ஒதுக்கி வைக்கிறார்கள், அதனால் நல்ல பிள்ளைகள் வேலையை விட்டு ஓடுகிறார்கள், ஆகவே எல்லா இடத்திலும் பகடிவதை ஒழிப்புத் திட்டம் தொடங்க வேண்டும் என்று. கர்னல் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு உங்கள விட்டா யாரு மேடம்?" என்றார். அவர் சொன்னது முகஸ்துதி இல்லை. நான் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்த மேட்ரனுக்கு வார்டு வைத்த பெயர் பீரங்கி. அவர் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவார். என் காதோரம் இந்தத் தழும்பு இருக்கிறதே, இது எஃகுத் தட்டு. படுக்கை விரிப்பில் ஒரு மூலை மடியவில்லை என்பதற்காக. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அந்த மூலையை மடித்தேன். என்றைக்காவது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒருத்தியையும் திட்ட மாட்டேன், ஒருத்தி மேலும் கை வைக்க மாட்டேன், எல்லாரையும் சிரிக்க வைப்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். வார்டில் நோய்க்குத்தான் பஞ்சமே இல்லையே.

திட்டத்தை நன்றாகவே நடத்தினேன். திங்கள்கிழமை தோறும் கால் மணி நேரக் கூட்டம். சுவரில் வண்ண அட்டைகள். என் அறை வாசலில் ஒரு புகார்ப் பெட்டி, அதன் சாவி என் இடுப்புக் கொத்தில். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி என்று யாரோ மருந்தறையில் சொன்னார்களாம். நல்ல வேடிக்கைதான், நானே அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லிச் சிரித்தேன். யார் சொன்னது என்று கேட்கவே இல்லை. மியாவ் என்று மட்டும் ஒரு வாரம் எல்லாருமாகச் சொல்லிக்கொண்டோம். மறுவாரம் ஒருத்தி தானாகவே வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டுப் போனாள், சொன்னது அவள்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபத்திரண்டு மாதம் பெட்டியைத் திறந்தேன், இருபத்திரண்டு மாதமும் காலி. மற்ற வார்டுகளில் மாதம் ஏழு, எட்டு. கர்னல் என் வார்டைத்தான் மாதிரி வார்டு என்று தலைமையகத்துக்கு எழுதினார்.

பட்டப்பெயர் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. அது கெட்ட பெயர்களுக்கு. நான் வைப்பது செல்லப் பெயர். எலும்பு டாக்டர் எப்போதும் ஒரு கால் வாசலுக்கு வெளியே வைத்துத்தான் பேசுவார், அவர் அவசரம். எனக்கு அடுத்த கேப்டன் நர்ஸ் நடப்பது காதில் விழாது, அவள் பஞ்சு. அவர்களும் எனக்கு ஏதோ வைத்திருப்பார்கள். கேட்டதில்லை. நல்ல பெயராகத்தான் இருக்கும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண் வந்தாள். சின்ன உடம்பு, பெரிய கண், இஸ்திரி கலையாத சீருடை. எங்களிடம் ஒரு விதி உண்டு, தம்பி. வாயால் சொல்கிற மருந்துக் கட்டளையைக் கேட்டவள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். நாங்கள் அதை எதிரொலி என்போம். எல்லாரும் ஒரு தடவை எதிரொலிப்போம், வேலையோடு வேலையாக. இவள் மட்டும் நின்று, முகத்தைப் பார்த்து, "மறுபடி ஒரு தடவ சொல்லுங்க மேடம்" என்பாள். சொன்னால் திருப்பிச் சொல்லுவாள். பிறகு எழுதுவாள். எழுதியதைக் காட்டி இன்னொரு முறை கேட்பாள். அவசரம் ஒரு நாள் போனிலேயே பல்லைக் கடித்தார். "மேடம், அங்க ஒரு கிளி இருக்கா?" என்றார். கிளி எனக்குப் பிடிக்கவில்லை, பழைய வேடிக்கை. நான் அவளுக்கு மறுபடி என்று பெயர் வைத்தேன்.

பெயர் பிடித்துக்கொண்டது. அவள் ஓய்வறைக்குள் நுழைந்தால் எல்லாரும் சேர்ந்து மறுபடி என்பார்கள். அவள் வெளியே போய்த் திரும்பி வந்தால் இன்னும் சத்தமாக. அவளும் முதலில் சிரித்தாள். பிறகு பஞ்சு ஒரு யோசனை சொன்னாள், நான் சரி என்றேன். இல்லை, யோசனை என்னுடையதுதான், சாக்பீஸ்தான் பஞ்சுவுடையது. வராந்தாக் கரும்பலகையில் ஒரு ஓரமாக, இன்றைய மறுபடி என்று எழுதி, அவள் எத்தனை தடவை கேட்கிறாளோ அத்தனை கோடு. முதல் நாள் முப்பத்தொன்று. நோயாளிகள்கூட எண்ண ஆரம்பித்தார்கள். கால் உடைந்து மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக் கிடக்கிறவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். இரண்டாம் வாரம் இருபத்திரண்டு, ஒரு மாதத்தில் பதினான்கு, அப்புறம் ஆறு, மூன்று. யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் கேட்காதே என்று சொல்லவில்லை. கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம், கோடு விழும், அவ்வளவுதான். நான்காவது மாதம் ஒரு நாள் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. வார்டே கைதட்டியது. நான் அவளைத் தோளில் தட்டிக்கொடுத்தேன். உடம்பு மரக்கட்டை மாதிரி இருந்தது. பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பூஜ்யத்தை அழிக்காமல் அப்படியே விடச் சொன்னேன்.

ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை, அந்த டிரைவர். முழங்கால் நொறுங்கி வந்தவர், ஊன்றுகோலில் பழகிக்கொண்டிருந்தார். பலகையைத் தாண்டும்போதெல்லாம் கோட்டில் ஒன்றை முழங்கையால் தேய்த்துவிட்டுப் போவார். "என்ன டிரைவர் சார், கணக்கு உதைக்குதே?" என்று கேட்டேன். "மேடம், நான் லாரி ஓட்றவன். பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சா வண்டிக்கு நல்லதுதான்" என்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல மனுஷர். அவர் மேல் எனக்கு எதுவுமே இருந்ததில்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

போன திங்கள்கிழமை பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தாள்.

பெயர் போடவில்லை, ஆனால் வேறு யார் இப்படி எழுதுவார்கள். பலகையில் கோடு போட்டதிலிருந்து எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது, என்று ஒரு வரி. எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது, என்று அடுத்த வரியும். புகாரில்கூட மறுபடி. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அதற்குக் கீழே, பயத்தில் இரண்டு முறை மருந்தைத் தப்பாக எடுத்துக் கடைசி நிமிடத்தில் வைத்துவிட்டேன், என்றைக்காவது யாருக்காவது ஏதாவது ஆகிவிடும், வியாழக்கிழமை கர்னலும் தலைமையக அதிகாரிகளும் மாதிரி வார்டைப் பார்க்க வரும்போது நேரில் சொல்லப் போகிறேன், என்று இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசு விட்டுப்போயிற்று, தம்பி. இருபத்திரண்டு மாதம்.

கோபப்படவில்லை. அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தேன்.

"என்மேல கோபமாம்மா?"

"இல்ல மேடம்."

"எல்லாம் விளையாட்டுதானே?"

அவள் டீயைத் தொடவில்லை. "விளையாட்டுன்னா எனக்கும் சிரிப்பு வரணும் மேடம்" என்றாள்.

"வியாழக்கிழமை சொல்லத்தான் போறியா?"

"ஆமா மேடம்."

"மறுபடி சொல்லு."

"ஆமா மேடம்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டாள். இவ்வளவு நெஞ்சுரம் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அவளை நான் மாற்றல் செய்திருக்கலாம், மிரட்டியிருக்கலாம், லீவில் அனுப்பியிருக்கலாம். பீரங்கியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அதெல்லாம் கொடுமை. எனக்கு வேண்டியது ஒரு சின்னத் தவறு மட்டும். வியாழக்கிழமை காலை, விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், வார்டில் நாலு பேர் பார்க்க, அவள் கையால் ஒரு தவறு. நான் அதைச் சரியான நேரத்தில் பிடித்து, செல்லமாகக் கையைத் தட்டிவிட்டால், அப்புறம் அவள் என்ன சொன்னாலும் வேலை தெரியாத பிள்ளை ஏதோ உளறுகிறது என்று போய்விடும். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவசரம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் செய்தார். டிரைவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், வலிக்கும், அதற்கு முன்னால் அந்த மயக்க மருந்தில் அரை மில்லி போட்டுவிடுங்கள் என்றார். ஜன்னலோரப் படுக்கை, அரை மில்லி, என்று நான் எதிரொலித்தேன். நான் எந்த விதியையும் மீறியதில்லை. பிறகு வார்டின் நடுவில் நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த மருந்து பத்து மில்லி குப்பியில் வரும். அதனால் அரை என்றாலும் ஆறு என்றாலும் ஒரே குப்பிதான், கைக்குச் சந்தேகம் வராது. முகத்தில் முகமூடி, வார்டில் சத்தம். அரைக்கும் ஆறுக்கும் பெரிய தூரம் இல்லை.

அவள் நின்றாள். அந்தப் பெரிய கண் என் முகத்துக்கு வந்தது. வாய் திறந்தது. பஞ்சு தலையைத் தூக்கினாள், இரண்டு மூன்று படுக்கைகளில் தலைகள் திரும்பின, யாரோ சிரிக்கத் தயாரானார்கள். நான் புன்னகைத்தேன்.

"என்னம்மா, மறுபடியா?"

"இல்ல மேடம்" என்றாள். போய்விட்டாள்.

அந்த மருந்துக்கு இரண்டாவது ஆள் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பதும் விதி. அந்த இரண்டாவது ஆள் நான். அவள் ஊசியைத் தட்டில் வைத்து என்னிடம் கொண்டு வந்தாள். அங்கேதான் நான் பிடிப்பதாக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தயாராக வைத்திருந்தேன். அரை மில்லிக்கும் ஆறு மில்லிக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஊசி நிறைந்து நின்றது. அதே நேரம் வாசலில் பூட்ஸ் சத்தம். கர்னல் பத்து நிமிடம் முன்னதாகவே விருந்தாளிகளோடு வந்துவிட்டார். ராணுவத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் வருவார்கள், அன்றைக்குப் பார்த்து. அப்போது பிடித்தால் மாதிரி வார்டில் விருந்தாளிகள் முதலில் பார்ப்பது ஒரு தவறான ஊசியாக இருக்கும். நான் தட்டைப் பார்த்தேன். தலையாட்டினேன். மேடம் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அது அவள் நல்ல மனசு. நான் பார்த்தேன்.

பிறகு திட்டத்தைப் பற்றிப் பேசினேன். சிரிப்பால் ஒரு வார்டை எப்படி மாற்றலாம் என்று. நான் நன்றாகப் பேசுவேன், தலைமையகத்துக்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். பேச்சு நடுவில் அவள் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். கையைப் பாதி தூக்கியிருந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. முகம் வெளுத்திருந்தது. டிரைவருக்கு மூச்சு இறங்குகிறது என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது, இருபத்தேழு வருடம் பார்த்த எனக்கு வாசிக்கத் தெரியாதா. ஒரு விரலைத் தூக்கி இரு என்று காட்டினேன். விருந்தாளிகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"இவதான் எங்க மறுபடி" என்றேன். கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கையை இறக்கிக்கொண்டாள். அப்படியே நின்றாள். நான்கு நிமிடம் இருக்கும். பிறகு திடீரென்று திரும்பி, யாரையும் கேட்காமல், டாக்டரைத் தேடி ஓடினாள். ஓடிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

டிரைவர் பதினொன்று இருபதுக்கு இறந்தார். அவர் மனைவி மதியம் வந்தார். "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை, தூங்கின மாதிரிதான் போனார். அந்த அம்மா கையை விடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அந்த மனுஷருக்காக நான் உண்மையாகவே வருத்தப்படுகிறேன்.

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். புரிகிறது. அரை என்று சொன்னேனா, ஆறு என்று சொன்னேனா, அதைத்தானே கேட்க வேண்டும் உங்களுக்கு. முகமூடி, சத்தம் என்று நான் சொன்னதெல்லாம் சும்மா. ஆறு என்று சொன்னேன். முகமூடியை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டு, அவளுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும்படி, ஆறு மில்லி என்று சொன்னேன். அவளுக்குக் காது சரியாகத்தான் கேட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தட்டைப் பார்த்தும் தலையாட்டினேன், முகத்தைப் பார்த்தும் விரலைக் காட்டினேன். ஆக, கொன்றது நான். தெரிந்தே. எழுதுங்கள், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

நீங்கள் எழுதியதை இப்போது வாசித்துக் காட்டியதற்கு நன்றி. எல்லாம் சரி. மூன்றாவது பக்கத்தில் மட்டும் ஒரு வரி. "மேற்படி தலைமை நர்ஸ் தன் கீழ்ப் பணியாளரைப் பல மாதங்களாகப் பகடிவதைக்கு உட்படுத்தி வந்ததன் தொடர்ச்சியாக" என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வார்த்தை எங்கே கிடைத்தது, தம்பி? கரும்பலகையைப் போட்டோ எடுத்தார்களே, அதிலிருந்தா? பகடி என்று போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நான் தமாஷான ஆள்தான். வதை எங்கே வந்தது? ஒரு தடவை குரல் உயர்த்தியிருப்பேனா? ஒரு தடவை கை ஓங்கியிருப்பேனா? அந்தப் பெட்டியில் இருபத்திரண்டு மாதமாக ஒரு புகாரும் இல்லை. அந்த ஒரு தாள்கூட இப்போது இல்லை, கிழித்துவிட்டேன். நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கொலை என்றால் அது ஒரு பொம்பளை ஒரு நாள் செய்த பாவம், என்னோடு போகும். அந்த வார்த்தையை எழுதினால் வார்டுக்கே கெட்ட பெயர். இரண்டு வருட உழைப்பு. நாளைக்கு அந்தத் திட்டத்தையே மூடிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அந்த வரியை அடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, கர்னலைக் கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள். இன்றைக்கு ஆகாவிட்டால் நாளைக்கு, நாளைக்கு ஆகாவிட்டால் இன்னொரு நாள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. காவல் அறையில் இருக்கிற அந்தப் பெண்ணை நினைத்துத்தான் கவலைப்படுகிறீர்கள் என்றால், வேண்டாம் தம்பி. அவள் வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டாள். நான் பழக்கிய பிள்ளை.